கடைக்காவல்: கோவிலடிக்கு ஓர் ஆடி ஞாயிறு

ஆடி மாதத்தில் திருச்சியிலிருந்து கிழக்கே சைக்கிளில் கிளம்பினால் முதல் பாதியில் கால் வலிக்கவே வலிக்காது. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வரும் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். இன்றைக்கு நன்றாக மிதிக்கிறோம் என்று நமக்கே ஒரு பெருமிதம் உண்டாகும். மேற்கே திரும்பிய பிறகுதான் கணக்குத் தெரியும். அதனால் எங்கள் சைக்கிள் குழுவின் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் ஆடியில் மட்டும் சற்றுச் சுருங்கிவிடும். இந்த முறை கல்லணை வழியாகக் கோவிலடி. போய்வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

காலை ஐந்து மணிக்குத் திருவானைக்காவலில் தேநீர்க் கடை வாசலில் பதினான்கு பேர் கூடியிருந்தோம். பள்ளி மாணவன் ஒருவன், வங்கி ஊழியர்கள் இருவர், தபால் துறையில் ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், மற்றவர்கள் வழக்கமாக வருகிறவர்கள். புதிதாக ஒரு செவிலியர் அக்காவும் வந்திருந்தார். மகளின் சைக்கிளை எடுத்துவந்திருந்தார். கியர் இல்லாத, முன்னால் கூடை வைத்த வண்டி. டயர்களை விரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டிலும் காற்றுக் குறைவு. பம்ப் அடித்துக் கொடுத்தபோது, "எல்லாரும் வேகமாகப் போவீர்களா தம்பி? நான் பத்துக் கிலோமீட்டர்கூடச் சேர்ந்தாற்போல ஓட்டியதில்லை" என்றார்.

"நான்தான் இன்றைக்குக் கடைசி ஆள் அக்கா. உங்களுக்குப் பின்னால் வருவேன்" என்றேன்.

கடைசியாக வருகிறவருக்கு எங்கள் குழுவில் கடைக்காவல் என்று பெயர். முன்னால் போகிறவர் வழியையும் வேகத்தையும் பார்த்துக்கொள்வார். கடைக்காவல் மனிதர்களைப் பார்த்துக்கொள்வார். பஞ்சர் பெட்டி, உபரி டியூப், பம்ப், வெல்லக் கடலை உருண்டை எல்லாம் அவரிடம்தான் இருக்கும். அவரை யாரும் பின்னால் விடக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும் முன்னால் போனவர்கள் நின்று, கடைக்காவல் வந்து கையை உயர்த்திய பிறகே நகர வேண்டும். குழுவில் எழுதி வைத்திருக்கும் விதி இது ஒன்றுதான்.

இந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சைக்கிள் வாங்கிய புதிதில், வேறொரு குழுவோடு புதுக்கோட்டைச் சாலையில் போனேன். இருபதாவது கிலோமீட்டரில் கருவேல முள் குத்திப் பின்டயர் இறங்கியது. முன்னால் போனவர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் திரும்பிப் பார்த்தார், பிறகு போய்விட்டார்கள். பஞ்சர் ஒட்ட எனக்குத் தெரியாது. பத்து மணி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த அந்தத் தூரம் இன்றும் மனத்தில் இருக்கிறது. அன்று சைக்கிளை விற்றுவிட நினைத்தேன். விற்றிருந்தால் இந்த ஊர்களில் பாதியை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

திருவானைக்காவலிலிருந்து கல்லணைக்குப் போகும் சாலை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஓடுகிறது. திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்ப் பெயர்களே வாயில் இனிக்கும். இரு பக்கமும் வாழை. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், ஏலரிசி என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறிக்கொண்டே வரும். ஆடிக் காற்றுக்குத் தார் போட்ட மரம் சாய்ந்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் கழி முட்டுக் கொடுத்திருந்தார்கள். இலைகள் நார் நாராகக் கிழிந்து, எல்லாம் ஒரே பக்கமாக, நாங்கள் போகும் திசைக்கே கை காட்டிக்கொண்டிருந்தன. காரில் இந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். சைக்கிளில்தான் வாழைத்தோப்பின் ஈர மணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியும். தோப்பைக் கடக்கும்போது கழுத்தில் ஒரு குளிர்ச்சி வந்து போகும்.

அக்கா முதல் ஐந்து கிலோமீட்டர் பேசவில்லை. பிறகு தன் இரவுப் பணிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பணி முடிந்து விடிகாலையில் பஸ்ஸில் வீடு திரும்பும்போது சன்னல் வழியாகக் காவிரிப் பாலத்தைப் பார்ப்பாராம். ஆற்றோரமாக ஒருநாள் மெதுவாகப் போக வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்ததாம்.

கல்லணையில் வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாலத்தின் மேல் நடந்தோம். மேட்டூரில் ஜூன் 12-இல் திறப்பது மரபு. அங்கிருந்து இங்கே தண்ணீர் வந்து சேரச் சுமார் மூன்று நாட்கள் ஆகும். இப்போது ஆடி. செம்மண் கலந்த புதுப்புனல் மதகுகளின் வழியே இரைந்துகொண்டு போனது. பேசுவது காதில் விழவில்லை.

இந்த இடத்தைப் பற்றி நான் கொஞ்சம் நிறையவே பேசுவேன் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். காவிரியின் தரையைவிடக் கொள்ளிடத்தின் தரை தாழ்வு. தடுக்க ஒன்றுமில்லை என்றால் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், டெல்டா காயும். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கரிகாலன் காலத்தில் இங்கே பெரிய பாறைகளை ஆற்று மணலில் போட்டார்கள். அவை மணலுக்குள் அமிழ்ந்து ஓரிடத்தில் நிலைத்தன. அவற்றின் மேல் அடுத்த பாறைகள், இடையில் களிமண். பாறைத் தளத்தைத் தேடிப் போகாமல், மணலிலேயே காலூன்ற வைத்த வேலை அது. 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைச் சீரமைக்க வந்த ஆர்தர் காட்டன் இந்த அடித்தள நுட்பத்தைக் கண்டு வியந்தார். இங்கே கற்றதைக் கொண்டுபோய்க் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். இன்று இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, 1934-இல் வெட்டி முடித்த புது ஆறு, கொள்ளிடம் என்று நான்காகத் தண்ணீர் பிரிகிறது.

தபால் துறை ஐயா குனிந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்வார். திருவையாற்றுப் பக்கம் அவர் அப்பா வைத்திருந்த இரண்டு மா நிலத்துக்கு இந்தத் தண்ணீர்தான் போனதாம்.

தோகூரைத் தாண்டிக் கோவிலடி போகும் வழியில் வாழை குறைந்து வயல் விரிகிறது. குறுவை பச்சைப் பாய் விரித்ததுபோல நின்றது. இந்தப் பகுதியில் வண்டிகள் மிகக் குறைவு என்பதால் இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டே ஓட்டலாம். பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார், பின்னால் வருகிறவர்கள் வரிசையாக அதையே செய்வார்கள். பதின்மூன்று கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வதைக் கடைசியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது நாற்று அலைவதுபோல் இருக்கும்.

கோவிலடியின் பழைய பெயர் திருப்பேர் நகர். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று. மேட்டின் மேல் படியேறிப் போனால் அப்பக்குடத்தான் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். வலக்கை அப்பக் குடத்தின் மேல் இருக்கிறது. உபமன்யு என்ற மன்னன் சாபம் தீர அன்னதானம் செய்தபோது, முதியவர் ஒருவர் வந்து சமைத்த அத்தனையையும் உண்டுவிட்டு இன்னும் ஒரு குடம் அப்பம் கேட்டார் என்பது தலக் கதை. அதனால் இரவுதோறும் அப்பம் படைக்கிறார்கள். நாங்கள் போனது காலை என்பதால் தரிசனமும் திருத்துழாயும் மட்டும்.

வெளியே வந்து வண்டிகளை எடுக்கும்போதுதான் அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். சீட் மிகவும் தாழ்வாக இருந்தது. மகள் அவரைவிட ஒரு சாண் குட்டை. குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. ஸ்பானர் எடுத்து மூன்று விரற்கடை உயர்த்தினேன். ஏறி இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. புறப்பட்ட இடத்திலேயே இதை நான் பார்த்திருக்க வேண்டும். கடைக்காவலாக நின்றவனுக்கு அது தவறுதான், அவரிடம் அப்படியே சொன்னேன்.

எட்டரைக்குத் திரும்பினோம். காற்று அதற்குள் முழு வேகம் பிடித்திருந்தது. முகத்தில் புழுதி. சமதளச் சாலையே ஏற்றமாகிவிட்டது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகையால் இந்த மாதத்தில் தனியாக முட்டி மோதிப் பயனில்லை. வலுவானவர்கள் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் அவர்கள் நிழலில் ஒரு சக்கரத் தூரம் விட்டு வருவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் விலகி வழிவிட்டுப் பின்னுக்கு வருவார். அன்று வங்கி ஊழியர்கள் இருவரும் கல்லணை வரைக்கும் தோளோடு தோளாக முன்னால் ஓட்டினார்கள். எப்போதும் எல்லோருக்கும் முன்னால் பறந்துவிடும் அந்தப் பள்ளி மாணவன், யாரும் சொல்லாமலே அக்காவின் முன்னால் வந்து, அவர் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். அடிக்கடி தலையைத் திருப்பி, "போதுமா அத்தை, குறைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

உத்தமர்சீலியில் ஒருமுறை நின்றோம். ஆற்றில் பெருவெள்ளம் வரும் நாட்களில் இங்கே தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும். அன்று சாலை உலர்ந்திருந்தது. கடலை உருண்டைகள் தீர்ந்தன. அக்கா இரண்டு எடுத்துக்கொண்டார்.

திருவானைக்காவலில் கோபுரம் தெரிந்தபோது மணி பதினொன்று ஆகப்போகிறது. முன்னால் போன பதின்மூன்றாவது ஆள் வரை அதே தேநீர்க் கடை வாசலில் காத்திருந்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"அக்கா, மகளுக்காகச் சீட்டைப் பழையபடி இறக்கித் தரவா?" என்று ஸ்பானரை எடுத்தேன்.

அவர் கைப்பிடியை விடவில்லை. "இருக்கட்டும் தம்பி. அவளுக்கு வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாம்" என்றார்.