வர்ஜீனியாவில் என் வாக்குரிமையைத் திரும்பப் பெற்ற அனுபவம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபெலனி எனப்படும் கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், வாக்குரிமையோடு ஜூரியாக அமரும் உரிமை, அரசுப் பதவி வகிக்கும் உரிமை, நோட்டரியாகப் பணிபுரியும் உரிமை ஆகியவற்றையும் சேர்த்தே இழக்கிறார். பத்தாண்டுகளுக்குள் மூன்றாம் முறையாகக் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அதுவும் இங்கே ஃபெலனிதான். அதற்காக 2021இல் தண்டனை பெற்ற நான், சிறைவாசமும் புரோபேஷன் எனப்படும் நன்னடத்தைக் கண்காணிப்புக் காலமும் முடிந்தபின் உரிமைகளை மீட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன். நம்மவர்கள் இதை வெளியில் பேசத் தயங்குவதால், வழி கேட்பதற்கு எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

நான் விண்ணப்பித்த காலத்தில், தண்டனைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக உரிமை தானாகத் திரும்பி வரவில்லை. பொட்டோமக் ஆற்றின் அக்கரையில் உள்ள மேரிலாந்தில் 2016 முதல் சிறையிலிருந்து வெளிவந்தவுடனே வாக்களிக்கலாம். மேய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள் இருந்தபடியே வாக்களிக்கலாம். வர்ஜீனியாவின் அரசியலமைப்போ மீட்டளிக்கும் அதிகாரத்தை ஆளுநரின் கையில் வைத்திருந்தது. 2016இல் ஆளுநர் டெரி மெக்காலிஃப் சுமார் 2,00,000 பேரின் உரிமைகளை ஒரே ஆணையில் மீட்டளித்தபோது, ஒட்டுமொத்தமாக அப்படிச் செய்ய அவருக்கு அதிகாரமில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. சிறையிலிருந்து வெளிவந்த எவரும் தகுதியுடையவர் என்று 2021இல் அப்போதைய ஆளுநர் ரால்ஃப் நார்தம் அறிவித்தார். அவருக்குப் பின் வந்த கிளென் யங்கின், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாக ஆராய்ந்து முடிவெடுக்கும் முறைக்குத் திரும்பினார். என் விண்ணப்பம் சென்றது அவருடைய காலத்தில். எந்த ஆளுநரின் ஆட்சியில் விடுதலையானார் என்பதைப் பொறுத்து ஒரு குடிமகனின் வாக்குரிமை அமைவது நியாயமல்ல என்றே இன்றும் கருதுகிறேன்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. படிவம் சிறியதுதான், ஆனால் எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, எந்தக் குற்றம், அபராதமும் நீதிமன்றச் செலவும் செலுத்தியாயிற்றா என்பவற்றை நினைவிலிருந்து எழுதக் கூடாது. தண்டனை விதித்த சர்க்யூட் நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்தில் தீர்ப்பு ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகலையும், பாக்கி ஏதுமில்லை என்பதைக் காட்டும் கணக்கையும் வாங்கி, அவற்றைப் பார்த்தே நிரப்பினேன். புரோபேஷன் முடிந்ததற்கான கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டேன்.

அதன்பின் காத்திருப்புதான். பதில் தருவதற்குக் காலக்கெடு எதுவும் இருக்கவில்லை. எந்த அளவுகோலின்படி முடிவெடுத்தார்கள் என்பதும் வெளியிடப்படவில்லை. வழக்கு நடந்தபோதுகூட அடுத்த தேதி எதுவென்று தெரிந்திருந்தது. இங்கே அதுவும் இல்லாததால், தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மனம் பதைத்தது. ஒருவழியாக, என் பெயருக்கு வழங்கப்பட்ட ஆணை தபாலில் வந்தது.

ஆணை வந்த கையோடு வாக்களித்துவிட முடியாது. வாக்காளராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தில், ஃபெலனி தண்டனை பெற்றதுண்டா, ஆம் எனில் உரிமை மீட்கப்பட்டதா என்று கேட்கிறார்கள். தெரிந்தே பொய்த் தகவல் தருவது தனியாக ஒரு ஃபெலனி என்பதால், ஆணை கைக்கு வரும் முன் பதிவு செய்ய முயலவே வேண்டாம். கிரீன் கார்டில் இருப்பவர்கள் இந்தப் பாதையில் இறங்கவே கூடாது. குடிமகன் என்று பொய்யாகக் கூறிப் பதிவு செய்தால் அது நாடு கடத்தல் வரை போகும்.

இந்த ஆணை மன்னிப்பு அல்ல. குற்றப் பதிவு அப்படியேதான் இருக்கும். மன்னிப்புக்கு வேறு மனு உண்டு. துப்பாக்கி உரிமையையும் இந்த ஆணை தராது. வேண்டுவோர் சர்க்யூட் நீதிமன்றத்தில் தனியாக மனு செய்ய வேண்டும். எனக்கு வேண்டியது வாக்குதான் என்பதால் அந்த மனுவை நான் போடவில்லை.