சிவப்பு பொத்தானின் வயர் எங்கே போகிறது?

நானே முழுதாக வடிவமைத்த முதல் பேனல், சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு ஹாய்ஸ்ட்டுக்கானது. சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை, மெஷினை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.யின் இன்புட்டில் கொடுத்து, அதன் புரோகிராமான லேடரில் எல்லா அவுட்புட்டையும் அணைத்திருந்தேன். வயரிங் குறைவு, பார்க்கவும் அழகு. எத்தனை முறை அழுத்தினாலும் நின்றது.

சீனியர் வந்து வரைபடத்தைப் பார்த்தார். மோட்டார் வயர்களைக் கழற்றச் சொன்னார். அப்புறம் ஒரு துண்டு வயரை எடுத்து, மேலேற்றும் கான்டாக்டருக்குப் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மின்காந்த சுவிட்ச்) போகும் அவுட்புட்டுக்கும் அதன் காமனுக்கும் நடுவே செருகினார். "இப்ப நிறுத்துப்பா."

அழுத்தினேன். இன்புட் விளக்கு அணைந்தது, அவுட்புட் விளக்கும் அணைந்தது. கான்டாக்டர் மட்டும் இழுத்தபடியே, மூடியே நின்றது.

அவுட்புட் விளக்கு காட்டுவது புரோகிராமின் விருப்பத்தை. உள்ளே இருக்கும் ரிலேயின் நிலையை அல்ல. அந்தத் துண்டு வயர் செய்ததைப் போலவே, ரிலே கான்டாக்ட் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். டிரான்சிஸ்டர், டிரையாக் அவுட்புட்டுகள் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி, ஆன் நிலையிலேயே நின்றுவிடும். லேடரில் என்ன எழுதி என்ன?

மறுபடி வரைந்தேன். பொத்தானின் என்.சி. கான்டாக்ட் (அழுத்தாதவரை மூடியிருப்பது) இப்போது ஒரு மாஸ்டர் ரிலேயை நேரடியாக விழவைத்தது, அதாவது திறக்கவைத்தது. அது அவுட்புட்டுகளுக்குப் போகும் சப்ளையையே வெட்டியது. பி.எல்.சி.க்கும் இன்புட்டுகளுக்கும் சப்ளை அப்படியே இருந்தது, என்ன நடந்தது என்று அதற்கும் தெரிய வேண்டுமே. பொத்தானின் வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். பொத்தானை விடுவித்தால் மட்டும் ஓடத் தொடங்கக் கூடாது, தனியாக ஸ்டார்ட் கொடுக்க வேண்டும்; எமர்ஜென்சி ஸ்டாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13850 கேட்பதும் இதைத்தான்.

மேலேற்றும், கீழிறக்கும் கான்டாக்டர்கள் ஒரே நேரத்தில் இழுக்காமல் தடுக்கும் இன்டர்லாக்கில் இன்னொரு பாடம். லேடரில் இன்டர்லாக் போட்டாயிற்றே என்று வாதாடிப் பார்த்தேன். பி.எல்.சி. ஸ்கேன் (புரோகிராமின் ஒரு சுற்று) சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கான்டாக்டர் விழுவதற்குப் பத்து, இருபது மில்லிசெகண்டாவது ஆகும், காயிலில் சர்ஜுக்காக டயோடு போட்டிருந்தால் இன்னும் அதிகம். ஒன்று விழும் முன் மற்றது இழுத்தால் இரண்டு பேஸ்கள் நேருக்கு நேர் ஷார்ட். ஆகவே ஒன்றின் என்.சி. துணைக் கான்டாக்ட் வழியாகவே மற்றதன் காயிலுக்கு சப்ளை போக வேண்டும். லேடரில் ஒரு சின்ன டைமரும் சேர்த்தேன்.

மேல் எல்லைக்கும் இரண்டு லிமிட் சுவிட்ச்: முதலாவது பி.எல்.சி.க்கு, அதற்குச் சற்று மேலே இருப்பது நேராகக் காயில் சர்க்யூட்டுக்கு.

சரி, வெளியே இருக்கும் கான்டாக்டரே ஒட்டிக்கொண்டால்? இதை நானே கேட்டேன், சீனியர் சிரித்தார். வரிசையாக இரண்டு கான்டாக்டர். இரண்டின் மிரர் கான்டாக்ட்டும் (முக்கியக் கான்டாக்ட் ஒட்டியிருந்தால் மூடாத துணைக் கான்டாக்ட்) ஸ்டார்ட் சர்க்யூட்டில். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் இன்னொன்று வெட்டும், அடுத்த ஸ்டார்ட் கிடைக்காது. சப்ளை போனால் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் ஹாய்ஸ்ட்டில் ஏற்கெனவே இருந்தது. இல்லாவிட்டால் சப்ளையை வெட்டுவதே தொங்கும் சரக்கைக் கீழே போடும் வழியாகிவிடும்.

அந்தத் துண்டு வயர் இன்றும் என் டூல் பையில் கிடக்கிறது. எந்தப் பேனலானாலும் மோட்டாரை இணைக்கும் முன் ஒவ்வோர் அவுட்புட்டிலும் அதைச் செருகிப் பொத்தானை அழுத்துவேன். கான்டாக்டர் 'டக்' என்று விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மோட்டார் வயரை மாட்டச் சொல்வேன்.