சுபகிருது வருஷத்து விளக்கு

ஜூன் 8, 2024, சனி

மதுரை ஏழுகடல் தெருப் பக்கம் பழைய பித்தளை எடுக்கும் ஒரு கடை. உருக்கப் போகும் குவியலின் மேல் கிடந்தது இந்தத் தூண்டாமணி விளக்கு. சங்கிலி, அதில் தொங்கும் அகல், அகலுக்கு நடுவே ஓர் அன்னம். நான் முகத்தில் ஆசையைக் காட்டாததால் கிலோ விலைக்கே கிடைத்தது. தராசில் 3 கிலோ 120 கிராம்.

"பாலிஷ் போட்டுத் தரவாக்கா? தங்கம் மாதிரி ஆயிரும்."

வேண்டவே வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். சக்கரத்தில் ஒருமுறை பிடித்தால் எழுத்து இருந்த இடம்கூடத் தெரியாமல் போய்விடும். இதைச் செய்தது யார் என்று தேடிப் பார்க்கப் போகிறேன். கிடைப்பதை இங்கே அவ்வப்போது எழுதுகிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

புளியும் தொடவில்லை, பீதாம்பரியும் தொடவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் பிசுக்கை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தேன். மத்தியானம் அகலின் அடியில் உளிப் புள்ளிகள் தென்பட்டன. புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. முதலில் நாலு முன்னெழுத்துகள். அடுத்து "சுபகிருது ௵". அதற்கும் கீழே "வீசை ௨ பலம் ௰". ௵ என்றால் வருஷம், ௨ இரண்டு, ௰ பத்து.

பத்திரம் எழுதிப் பிழைப்பவளுக்கு இந்த எழுத்து புதிதில்லை. பழைய மூலப்பத்திரங்களில் ௵ வராத பக்கம் ஏது? வீசைக்கு 40 பலம், பலம் ஏறத்தாழ 35 கிராம். அப்படியானால் 90 பலம், 3 கிலோ 150 கிராம் வர வேண்டும். முப்பது கிராம் குறைகிறது. மேல் கொக்கியைக் காணோம், சங்கிலியில் ஒரு கண்ணி வேறு நிறம், நூறு வருஷத் துலக்கலில் தேய்ந்தது வேறு. கணக்குச் சரிதான்.

சுபகிருது 1842, 1902, 1962, 2022 என்று அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 2022-ஐத் தள்ளிவிடலாம். மெட்ரிக் எடை 1958-இல் வர ஆரம்பித்து 1962-க்குள் கட்டாயமாகிவிட்டது. அந்த வருஷம் போய் யாராவது வீசைக் கணக்கில் வெட்டியிருப்பார்களா? சில கிழவர்கள் வெட்டியிருப்பார்கள்தான். ஆனாலும் என் ஓட்டு 1902-க்கு. 1842-ஐ அடித்துவிடத் துணிச்சல் இல்லை.

உடைமைக்காரர் இருக்கிறார், வருஷம் இருக்கிறது, எடை இருக்கிறது. பங்காளிகள் பிரிக்கும்போது இந்த மூன்றும் வேண்டும். வார்த்தவன் பேர் எந்தப் பங்குக்கு உதவும்?

ஜூன் 12, புதன்

எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். அன்னத்தின் முதுகில் திருகு மூடி. வயிற்றில் எண்ணெயை நிரப்பி மூடினால், காலடித் துளை வழியாக அகலுக்குள் இறங்கும். அகலில் எண்ணெய் துளைக்கு மேல் ஏறியதும் காற்று உள்ளே போக வழியில்லாமல் நின்றுவிடும்; திரி குடித்து மட்டம் இறங்கினால் ஒரு மிடறு காற்று போய் ஒரு மிடறு எண்ணெய் வரும். கவிழ்த்து வைத்த தண்ணீர் கேன் 'குபுக்' என்கிற அதே வித்தை. இலங்கையில் தெதிகம என்ற ஊரில் கிடைத்த 12-ஆம் நூற்றாண்டு யானை விளக்கும் இப்படித்தான் வேலை செய்யும்.

என் அன்னம் நிற்கவில்லை. மொத்தத்தையும் கொட்டிவிட்டது. கூடம் முழுக்க நல்லெண்ணெய். "விளக்குக்கு மரை கழண்டுச்சா, உனக்கா?" என்று அண்ணி கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 16, ஞாயிறு

காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகளில் விளக்கின் படத்தைக் காட்டினேன். பார்த்த எல்லோரும் ஒரே குரலில் "நாச்சியார்கோவில்" என்றார்கள். கும்பகோணத்துப் பக்கம், விளக்குக்குப் பேர்போன ஊர். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

முன்னெழுத்துகளை ஒரு ஆச்சி பார்த்த மாத்திரத்தில் படித்துவிட்டார். நகரத்தார் வீட்டு விலாசம் அது; முகவரி இல்லை, வீட்டைக் குறிக்கும் முன்னெழுத்துகள். எந்த வீடு என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

"எங்க அப்பத்தா காலத்துல பேர் வெட்டுறவர் கல்யாண வீட்டுக்கே வந்து உக்காந்துருவாராம். சாமானெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்கும்."

அப்படியானால் எழுத்து வெட்டிய கையும் விளக்கு வார்த்த கையும் வேறு வேறு.

"இதைப் போய் எடைக்குப் போட்டுட்டாங்களே, ஆச்சி?"

"நாலு பங்காளிக்கு ஒரு விளக்கு. யாரு துலக்குறது?"

ஜூன் 23, ஞாயிறு

தோழி ஒருத்தி தன் வீட்டுப் பித்தளைப் பூச்சாடியோடு வந்தாள். அடியில் ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று முத்திரை. 1890-இல் அமெரிக்கா போட்ட சுங்கச் சட்டத்தால், அங்கே போகும் சரக்கில் நாட்டின் பேர் இருக்க வேண்டும் என்று ஆனது. வேலைப்பாடு, வடக்கே பித்தளைக்குப் பேர்போன மொராதாபாத் சாயல். சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் வெள்ளிச் சாமான்களிலும் முத்திரை உண்டு, ஆனால் அது கடையின் பேர். தட்டிய ஆசாரி அங்கேயும் இல்லை.

தெற்கு ஆவணி மூல வீதியில் தங்கம் சோதிக்கும் மெஷினில் விளக்கை வைத்துப் பார்த்தோம். செம்பு, துத்தநாகம், கொஞ்சம் ஈயம். உடைந்த அண்டாவையும் குடத்தையும் உருக்கி வார்த்த காலம்; இதிலிருந்து பட்டறையைக் கண்டுபிடிக்க முடியாது. காசு தண்டம்.

ஜூலை 6, சனி

தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சந்தில் வார்ப்பு வேலை செய்யும் ஒரு பெரியவர். விளக்கைக் கையில் வாங்கினார். எழுத்தைப் பார்க்கவே இல்லை. நேராக அன்னத்தின் இறக்கைக்கு அடியில் நகத்தை வைத்துத் தடவினார்.

"இங்க பாரு தாயி."

மிளகளவு ஒரு வட்டம். நிறம் மட்டும் ஒரு சாயல் வேறு. அந்தப் பக்கமும் அதே இடத்தில் ஒன்று. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் பித்தளை ஊற்றுவது மெழுகு வார்ப்பு. அதில் வயிறு கூடாக வர, உள்ளே மண் கரு வைப்பார்கள். மெழுகு உருகி ஓடியதும் கரு சாயாமல் இருக்க ஆணி குத்தித் தாங்கவேண்டும். வார்த்தபிறகு ஆணியைப் பிடுங்கிப் பித்தளையால் அடைத்த இடம் அது. இத்தனை நாள் துடைத்த என் கண்ணில் அது படவே இல்லை.

அகல் அப்படி இல்லை. மண் பெட்டியில் வார்த்துக் கடைசல் பிடித்தது. உள்ளே வட்ட வட்டமாக ரேகை ஓடுகிறது. சங்கிலி இன்னொருத்தர் முறுக்கியது.

"மூணு கை வேலை. நீ எந்தக் கைய தேடுற?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே முதுகு மூடியைத் திருகிக் கழற்றி, மரையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இவன்தான் ஆளு. காத்துப் போகாம மரை வெட்டியிருக்கான் பாரு, கையால. இது இல்லேன்னா அன்னம் வெறும் பொம்ம."

"நாச்சியார்கோவிலாங்கய்யா?"

"அப்படிச் சொன்னா வெல கூடும். சொல்லத்தான் செய்வாங்க. அங்க செஞ்சதாவும் இருக்கலாம், அங்க தொழில் பழகி இங்கிட்டு வந்தவன் செஞ்சதாவும் இருக்கலாம்."

மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் மரையில் உறைந்திருந்த பிசுக்கை எடுத்தார். எண்ணெய் ஊற்றி மூடினார். அகலில் அரை விரல் ஏறியது, நின்றது. காசு வாங்க மாட்டேன் என்றார். டீக்கு மட்டும் சம்மதித்தார். தன் மச்சினன் வீட்டில் இதே மாதிரி அன்னம் ஒன்று இருப்பதாகவும் படம் அனுப்பச் சொல்வதாகவும் சொன்னார்.

ஜூலை 14, ஞாயிறு

படம் வந்தது. கழுத்து வளைவு வேறு, இறகுக் கோடுகளும் வேறு. மூடியைக் கழற்றி மரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.