ஒட்டுத் தக்காளியும் புளிப்புக் கத்தரிக்காயும்

கூடத்து ஜன்னல் விளிம்பில் ஏழு தக்காளி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று நல்ல உருண்டை, ஒன்று முட்டை மாதிரி நீட்டம், ஒன்று பூசணிக்காய் போல மடிப்பு மடிப்பாக, இரண்டு கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒன்று தோல் வெடித்தது, கடைசியாக ஒன்று கை நிறைய. போன வருஷம் ஒரே செடியில் பறித்த ஒரே பழத்தின் விதைகள்தான் இத்தனையும். அம்மா தினமும் காலையில் காப்பியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏண்டி, ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரியா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு ஒருமுறை சொல்லி முடித்தேன், நம்பவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தன்லின். ரங்கூனிலிருந்து பாலம் தாண்டி வந்தால் வருகிற ஊர், பழைய ஆட்கள் இன்னும் சிரியம் என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், நாலு வாழை, ஒரு முருங்கை, அம்மாவின் கத்தரிப் பாத்தி. தக்காளி மட்டும் எங்களுக்குச் சரிப்பட்டதே இல்லை. கடையில் வாங்கும் பழத்தைப் பிழிந்து விதையைச் சாம்பலில் புரட்டி அம்மா போடுவாள், செடி வரும், பூக்கும், அப்புறம் இலை சுருண்டு குறுகிப்போய் நிற்கும். சந்தையில் கிடைப்பதில் முக்கால்வாசி ஷான் மாநிலத்துச் சரக்கு. இன்லே ஏரியில் பாசியையும் களையையும் திரட்டி மிதக்கும் பாத்தி கட்டி, மூங்கிலை ஊன்றி நிறுத்தி, அதன் மேல் வளர்க்கிறார்களே, அந்தத் தக்காளி. பார்க்க அழகுதான், ஆனால் அங்கே அடிக்கிற மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு பச்சையாகச் சாப்பிடக் கை வரவில்லை. பர்மாவில் இருந்துகொண்டு தக்காளியைப் பச்சையாகச் சாப்பிடாமல் இருப்பதும் முடியாத காரியம்.

போன வருஷம் விதைக்கடையில் ஒரு ஹைபிரிட் பாக்கெட் வாங்கினேன். தாய்லாந்தில் தயாரானது, உள்ளே எண்ணிப் பத்து விதை. விலை ஒரு வீசைப் பழத்தின் விலை! வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஒட்டு ரகமா? யார் ஒட்டுனது, எங்க ஒட்டுன தழும்பையே காணோம்?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், ஆனால் யோசித்துப் பார்த்தால் குற்றம் நம் பாஷை மேல்தான். மாஞ்செடியில் கிளையை வெட்டி வைத்துக் கட்டுவதும் ஒட்டு, இதுவும் "வீரிய ஒட்டு". திருச்சியில் இருக்கும் அத்தை மகன், அறுபதுகளில் கப்பலேறிப் போன குடும்பம், போனில் பேசும்போதெல்லாம் விவசாயம்தான் பேசுவார், அவரும் இதையேதான் சொன்னார்: அங்கேயும் நிறைய பேர் ஹைபிரிட் என்றால் எதையோ வெட்டி ஒட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்களாம்.

இதில் ஒட்டுவது எதுவும் இல்லை. இரண்டு தனித்தனி வம்சம், ஒவ்வொன்றும் தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே விதை கட்டி ஒரே சீராக வந்தது. ஒன்றைத் தாயாக வைத்து, அதன் பூ விரிவதற்கு முன்னாலேயே மொட்டைப் பிரித்து, மகரந்தப் பையைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். தக்காளிப் பூ தானே தன்னைச் சேர்த்துக்கொள்ளும் சாதி, விட்டால் சொந்த மகரந்தத்திலேயே காய்த்துவிடும். அப்புறம் தகப்பன் வம்சத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே இந்த வேலை. பத்து விதைக்கு ஏன் அந்த விலை என்று தெரிந்த பிறகு நான் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன்.

சரி, விதைப்புக்கு வருவோம். ரங்கூன் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, கிட்டத்தட்ட எல்லாமே மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழையில் தக்காளி வைப்பது ஆற்றில் புளி கரைக்கிற வேலை. அதனால் செப்டம்பர் கடைசியில் தாழ்வாரத்துக்குள்ளேயே முட்டை அட்டையில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி விதைத்தேன். ஆறாம் நாள் எட்டு முளைத்தது, இரண்டு வரவே இல்லை. தடிஞ்சூட் என்ற அக்டோபர் மாத விளக்குப் பண்டிகையின் விளக்கெல்லாம் அணைந்து மழையும் விலகிய பிறகு, ஒரு சாண் உயரக் கன்றுகளைப் பாத்திக்கு மாற்றினேன். கீழே இருக்கும் இரண்டு மூன்று இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் பாதி வரை மண்ணுக்குள் புதைத்தேன், புதைந்த இடமெல்லாம் வேர் விடும். செடிக்குச் செடி இரண்டடி. இந்த ரகம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிற வகை, ஆறடி மூங்கில் போதவில்லை, ஜனவரியில் கழிக்கு மேல் கழி கட்டினேன். இலைக்கும் தண்டுக்கும் நடுவில், அக்குளில் கிளம்புகிறதே பக்கக் கிளை, அதை வாரம் ஒருமுறை கிள்ளினேன். விரல் பச்சையாகிவிடும், சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகாது, எனக்கு அது பிடிக்கும்.

தக்காளிக்கு ராத்திரி குளிர வேண்டும். ராத்திரி வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றுவிட்டால் பூ காயாகாமல் உதிரும். நமக்கு டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம்தான் அந்தச் சுகம். காலையில் பனி காய்ந்ததும் பூங்கொத்தைப் பென்சிலால் லேசாகத் தட்டுவேன், மஞ்சள் தூள் பொடியாகக் கொட்டும். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "செடியை எழுப்புறியா?" என்பார்.

முதல் காய்களில் நாலைந்து அடிப்பக்கம் கறுத்து அமுங்கிப் போனது. நோய் என்று பயந்து மருந்து தேடினேன். நோயே இல்லை, நான் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றியதுதான். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்கு ஏறும், தண்ணீர் ஏறி இறங்கினால் காயின் நுனிக்குப் போய்ச் சேராது. தினமும் அளவாக விட்டு, வேரடியில் வைக்கோல் பரப்பியதும் அடுத்த கொத்து சுத்தமாக வந்தது.

அப்புறம் வந்ததுதான் பெரிய அடி. நல்ல வெயிலில் ஒரு செடி தலை தொங்கிற்று. சாயங்காலம் நிமிர்ந்தது. மறுநாள் தொங்கியது நிமிரவில்லை. இலை மஞ்சளாகக்கூட மாறவில்லை, பச்சை மாறாமல் அப்படியே வாடி நின்றது. பாக்கெட்டில் வாடல் நோய் தாங்கும் என்று போட்டிருந்ததே என்று எனக்கு ஆத்திரம். அத்தானிடம் சொன்னேன். அவர், "அடித்தண்டை ஒரு சாண் வெட்டி, கண்ணாடித் தம்ளர்ல தண்ணி வெச்சு அதுல தொங்கவிடு, வெட்டுவாய் மட்டும் தண்ணிக்குள்ள இருக்கட்டும், பத்து நிமிஷம் பாரு" என்றார். வைத்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒரு இழை மெதுவாகக் கீழே இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. சிகரெட் புகை கீழ்நோக்கிப் போனால் எப்படி இருக்கும், அப்படி. அத்தனையும் பாக்டீரியா! செடியின் தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதுதான்.

பாக்கெட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் இருந்த "எஃப்" என்ற எழுத்து பூஞ்சையால் வரும் ஃபியூசேரியம் வாடலைத்தான் சொல்கிறது. எனக்கு வந்தது பாக்டீரியா வாடல், அது வேறு. விதைக்காரன் பொய் சொல்லவில்லை, வாடல் என்றால் ஒன்றுதான் என்று நினைத்தது நான். வாங்குகிறவர்கள் இந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் பாக்டீரியா வாடலுக்கும் இலைச்சுருட்டைக்கும்தான் முதல் பயம். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்‌ஷக் என்ற ஹைபிரிட் இந்த இரண்டையும் முன்கருகல் என்ற இலை கருகும் நோயையும் சேர்த்துத் தாங்கும், அத்தான் அதைத்தான் போடுகிறார். எனக்கு இங்கே கடையில் கிடைக்கவில்லை.

எட்டில் இரண்டு போயிற்று. வேரோடு பிடுங்கி எரித்தேன். மீதி ஆறும் கொடுத்ததை நான் எதிர்பார்க்கவில்லை, மார்ச் வரைக்கும் பதினாறு வீசைக்கு மேல் எடுத்தேன். (தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு: இங்கே இன்னும் வீசைக் கணக்குதான். சொல் நம்முடையது, அளவு மட்டும் பெரிசு, பர்மா வீசை 1.6 கிலோவுக்குச் சற்று அதிகம்.) தோல் கொஞ்சம் தடிப்பு, லாரியில் போகத் தோதாகச் செய்த பழம் அல்லவா. புளிப்பும் குறைவுதான். ரசத்துக்கு அம்மா கூடுதலாகப் புளி போட்டாள். ஆனால் தோவுக்கு அருமை. சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ என்று விற்கிறார்களே, அந்த தோதான், பிசைந்தது என்று அர்த்தம். தக்காளியை மெலிதாக அரிந்து, வெங்காயம், வறுத்த வேர்க்கடலைத் தூள், கடலை எண்ணெய், பொரித்த பூண்டு, எலுமிச்சை, மீன் சாறு விட்டுக் கையால் பிசைய வேண்டும். தடித்த தோல் இருந்தால்தான் குழையாமல் நிற்கும்.

விதை எடுத்து வைக்காதே, வீண் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பழம் ஒன்றைப் பிழிந்து, வழவழப்புப் போக இரண்டு நாள் புளிக்கவைத்து, அலசி, நிழலில் காயவைத்து எடுத்தேன். இந்த வருஷம் பன்னிரண்டு செடி, நோய் வந்த பாத்திக்குப் பக்கமே போகாமல், மீன் ஐஸ் வரும் தெர்மோகோல் பெட்டிகளில் புது மண் நிரப்பி வைத்தேன். ஒன்பது செடி கழியைத் தாண்டி ஏறின. மூன்று இடுப்பளவில் குத்துச்செடியாக நின்றுவிட்டன. மெண்டல் பட்டாணியில் பார்த்த அதே மூன்றுக்கு ஒன்று! பன்னிரண்டில் அப்படிக் கச்சிதமாக விழுந்தது அதிர்ஷ்டம்தான், ஆனால் பார்த்ததும் பத்தாம் வகுப்பு மாதிரி இருந்தது. தகப்பன் தாய் இரண்டில் ஒன்று குள்ளமாக இருந்திருக்க வேண்டும், முதல் தலைமுறையில் ஒளிந்திருந்தது பேரப் பிள்ளைகளிடம் வெளியே வந்துவிட்டது. காயும் அப்படித்தான், ஜன்னலில் இருப்பவைதான் சாட்சி. வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரே மாதிரி காய் வேண்டும், விற்க வேண்டும் என்பவர்கள் இதைச் செய்யாதீர்கள்.

நோய் வந்த பாத்தியை என்ன செய்வது? அதற்கு எனக்கு வழி தந்தது பக்கத்து வீட்டு அமா. (அமா என்றால் பர்மியத்தில் அக்கா.) வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வாடிய செடியைப் பார்த்துவிட்டு, "உங்கள் கயன்தீ நன்றாகத்தானே நிற்கிறது, கயன்ஜின்தீ மட்டும் ஏன்?" என்றாள். எத்தனை வருஷமாகச் சொல்லும் வார்த்தை, அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கயன்தீ கத்தரிக்காய். கயன்ஜின்தீ தக்காளி, அதாவது புளிப்புக் கத்தரிக்காய். பர்மாக்காரர்கள் இரண்டும் சொந்தம் என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். தேடினால், தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையமும் இதைத்தான் சொல்கிறது: பாக்டீரியா வாடலுக்கும் நீர் தேங்குவதற்கும் தாங்குகிற கத்தரி வேரில் தக்காளியை ஒட்டு. அவர்கள் சொல்லும் ரகம் இ.ஜி. 203. என்னிடம் இருந்தது அம்மாவின் பாத்தி ரகம், அதே மண்ணில் வருஷக்கணக்காக வாடாமல் நிற்பது.

இப்போதுதான் உண்மையான ஒட்டு. கத்தரி மெதுவாக வளரும், அதனால் ஒரு வாரம் முந்தி விதைத்தேன். இரண்டும் தீக்குச்சிப் பருமன் வந்ததும் புது பிளேடால் சாய்வாக ஒரே வெட்டு, கீழே கத்தரி, மேலே ஹைபிரிட் தக்காளி, நடுவில் சைக்கிள் வால்வு டியூபை ஒரு பக்கம் பிளந்து வளையமாக மாட்டினேன். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தண்ணீர் தெளித்து மூடி, கட்டிலுக்கடியில் இருட்டில் மூன்று நாள், பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். பன்னிரண்டில் ஐந்து பிழைத்தது. நடும்போது கை பழக்கத்தில் தண்டைப் புதைக்கப் போய்விட்டேன்! ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், புதைத்தால் தக்காளி தன் சொந்த வேரை இறக்கி நோயை வாங்கிக்கொள்ளும். ஐந்தும் அதே நோய்ப் பாத்தியில் இன்று வரை நிற்கின்றன. தழும்பும் இருக்கிறது, அம்மாவைக் குனிய வைத்துக் காட்டினேன்.

ஜன்னலில் அந்தக் கை நிறைகிற பழம் இருக்கிறதே, அந்தச் செடி எனக்கு வேண்டும். விதை போட்டால் மறுபடியும் பிரிந்துபோகும். அதனால் போன வாரம் அதன் பக்கக் கிளை ஒன்றைக் கிள்ளி எறியாமல் தண்ணீரில் வைத்திருக்கிறேன். அதே கண்ணாடித் தம்ளர்தான், கொதிநீரில் இரண்டு முறை கழுவியது. இன்று காலை எட்டிப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாக இருந்தது, தண்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் அரிசி முனை மாதிரி வேர் எட்டிப் பார்க்கிறது. அம்மா அதைத் தம்ளரோடு எடுத்து வெயிலில் வைக்கப் போனாள், பிடுங்கி மறுபடி ஜன்னலிலேயே வைத்தேன்.