தூளைப் பார்த்துத் துளை போட்ட நாள்

கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரம் பொள்ளாச்சியில் அக்கா வீட்டுக்கு டிரில்லிங் மிஷினோடு போனேன். குளியலறை டைலில் கண்ணாடி, எவர்சில்வர் தகட்டில் இரண்டு துளை, தேக்குக் கதவில் தாழ்ப்பாள், ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி. மிஷினில் மாட்டும் துளை பிட்டுகளை நான் விரித்து வைத்ததைப் பார்த்து மச்சான் கேட்டார்: "ஒரே பிட்டு போதாதா மாப்ள?"

போதாது. மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள பிட்டு கூர்விளிம்பால் சீவி எடுக்கும். சுவர் பிட்டு அப்படியல்ல; மிஷினில் ஹேமரைப் போட்டால் சுற்றிக்கொண்டே சுத்தியல் போல அடிக்கும்; அந்த அடி கொடுக்கக் கொடுக்க இடித்து நொறுக்கும். அதனால்தான் அதன் நுனியில் தண்டைவிடக் கொஞ்சம் அகலமாக கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் ஒரு துண்டைப் பற்றவைத்திருப்பார்கள். நம் கடைகளில் 'விடியா பிட்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். அது 1926இல் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் தன் கார்பைடுக்கு வைத்த பெயர். 'வைரம் போல' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம்.

டைலில்தான் எனக்குக் கை நடுங்கும். முன்பு கோவையில் குடியிருந்த வாடகை வீட்டில் ஹேமரை அணைக்காமல் வைத்து ஒரு டைலை விரிசல் விட வைத்தேன். அதே நிறம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. இப்போது ஈட்டி முனை பிட்டுதான். குறித்த இடத்தில் பேப்பர் டேப், ஹேமர் இல்லை, மெதுவான சுற்று, இடையிடையே ஈரப் பஞ்சு ஒற்றல். டைல் தாண்டிய பிறகே விடியாவை மாட்டி ஹேமரைப் போடுவேன்.

எவர்சில்வருக்கு வேறு குணம். வேகமாகச் சுற்றி லேசாக அழுத்தினால் பிட்டு வெட்டாமல் உரசும். உரசிய இடம் இறுகி இன்னும் கடினமாகிவிடும். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் ஒரு குழி தட்டி, கோபால்ட் கலந்த எஃகு பிட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வேகத்தைக் குறைத்து நன்றாக அழுத்தினேன். சுருள் சுருளாகச் சீவல் வந்தது. அதைப் பார்க்க எவ்வளவு நிம்மதி!

தேக்குக்கு நடுவில் ஊசி முனை உள்ள மர பிட்டு. பின்பக்கம் பிசிறாமலிருக்க ஒரு பலகையை ஒட்டிப் பிடித்துக்கொள்ள மச்சான் உதவினார்.

கடைசியாக ஜன்னல். "தூளைப் பார்த்துக்கிட்டே போடுடா" என்பார் வயர்மேனாக இருந்த அப்பா. முதலில் பூச்சின் சாம்பல் தூள் வரும். பிறகு சிவப்பு வந்தால் செங்கல். இங்கே சாம்பலே தொடர்ந்தது, மிஷின் முனகியது: லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் உத்தரம். திடீரென்று உள்ளே போகாமல் நின்றது, தூளில் மின்னும் துகள்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் முட்டிவிட்டது. அதற்கு மேல் அடித்தால் விடியா முனைதான் மழுங்கும். இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டேன். சாம்பல் தூள் சீராகக் கொட்டியது. திருகாணியைப் பிடிக்கும் சுவர் பிளக்கைத் துளையில் செருகி, திரைச்சீலைக் கம்பியை மாட்டினோம். பழைய துளையை மச்சான் வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிட்டார்.