ஏழுவரி ஆமைக்கு அனுமதி கிடைத்த விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் பாட்டில் மூடிகளால் ஆன ஓர் ஆமையை நிறுத்த எங்களுக்கு எட்டு மாதங்கள் ஆயின. அதைச் செய்வதற்கு மூன்று மாதங்களே பிடித்தன. மற்ற ஐந்தும் காகிதங்களுக்குப் போய்விட்டன. இதே வேலையில் இறங்க நினைக்கும் கோயில் மன்றமோ பள்ளியோ இதைப் படித்து, எங்களுக்கு வீணான நாள்களில் பாதியையாவது மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளம் எங்கள் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூனில் குப்பை பொறுக்கப் போன, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிப் பெண்களில் நானும் ஒருத்தி. மாலை வேளைகளில் நம் குடும்பங்கள் கூடும் இடம் அது. நாம் விளக்கேற்றித் தேங்காய் விடும் இடமும் அதுவே. பொறுக்கிய குவியலில் நம் பூசைத் தட்டுகளும் பிளாஸ்டிக் மாலைகளும் கிடந்ததைப் பார்த்தபோது, ஊரைக் குறை சொல்லும் உரிமை நமக்கு முழுதாக இல்லை என்று உணர்ந்தேன். இந்த மாகாணத்தின் வடக்கே இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் கரையில் ஏழுவரி ஆமைகள் (லெதர்பேக் கடலாமைகள்) நவம்பர் முதல் முட்டையிட வருகின்றன. அவற்றின் இரை சொறிமீன், அதாவது ஜெல்லிமீன். நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பையும் அவற்றுக்குச் சொறிமீனாகவே தெரிகிறது. ஆகவே ஆமையையே செய்வது என்று முடிவு செய்தோம்.

2023 பிப்ரவரியில், ஆமையைக் கடற்கரையில் நிறுத்த அனுமதி கேட்டு விண்ணப்பக் கடிதம் எழுதினோம். அதில் 'கழிவுப் பொருள்களால் ஆன அமைப்பு' என்று நான் எழுதியதுதான் முதல் தவறு. அலுவலகக் கவுன்டரில் இருந்த இளைஞர் அந்த ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்டி, "இது குப்பை கொட்டுகிற விஷயம் ஆன்ட்டி, இங்கே வராது" என்று வேறு பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவரோ, ஆமையின் கீழே வாசகப் பலகை வைக்கப் போகிறோம் என்றதும் அது விளம்பரம் என்றும், விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்றும் சொல்லிவிட்டார். இப்படி ஆறு வாரங்கள் போயின. கடைசியில் சண்டிகரில் உடைந்த வளையல்களாலும் பீங்கான் துண்டுகளாலும் நேக் சந்த் உருவாக்கி, 1976-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தின் படங்களை அச்செடுத்துக் கொண்டுபோய், 'சிற்பம்' என்ற ஒரே சொல்லுடன் புதிய கடிதம் கொடுத்த பிறகே, கோப்பு சரியான மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. குப்பை என்பதை மக்கள் கண்ணில் படச் செய்யவே இவ்வளவும் செய்கிறோம். அந்தச் சொல்லைக் கடிதத்தில் ஒளித்தால்தான் வேலை நடக்கும் என்பது எனக்கு இன்றும் வருத்தமே. ஆனாலும் நீங்கள் முதல் நாளிலேயே 'சிற்பம்' என்றே எழுதுங்கள்.

அடுத்து, அடையாள அட்டைகளின் சான்று நகல்கள். காவல் நிலையத்தில் முத்திரை பெற்று மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்றார்கள். எங்கள் செயலாளரின் நகலுக்கு மூன்று மாதமும் நான்கு நாளும் ஆகியிருந்ததால், கோப்பு முழுவதையும் திருப்பித் தந்தார்கள். புதிய முத்திரையுடன் போன நாளில் 'சிஸ்டம் ஆஃப்லைன்' என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளின் பிரதியிலும், பெற்றுக்கொண்டதாக நாள் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். அப்படி வாங்கி வைத்த ஒரு கையெழுத்துதான், கோப்பு காணவில்லை என்று பின்னர் சொன்னபோது எங்களைக் காப்பாற்றியது.

பொறியாளர் கடிதமும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் சிக்கலின்றிக் கிடைத்தன. பற்றவைப்பு வேலை மட்டும் மின்வெட்டு நேரங்களைப் பார்த்துப் பார்த்து நடந்தது.

செய்முறையில் பட்ட அடி ஒன்றைச் சொல்ல வேண்டும். முதுகின் ஏழு வரிகளுக்கும் ஏழு கம்பிகளை வளைத்து, மேலே வலை போர்த்தி, கருநீல மூடிகளை விலை உயர்ந்த பசையால் ஒட்டினோம். மறுவாரம் கொட்டகையைத் திறந்தால் தரையெங்கும் மூடிகள். மூடிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீனால் ஆனவை. அவற்றில் சாதாரணப் பசை பிடிக்காது. வாங்கும் முன் ஒருவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் கோகோ என்று அழைக்கும் பக்கத்துத் தெருப் பாட்டி, தொலைபேசிக் கம்பியால் இம்பெங்கே என்னும் சூலு கூடை பின்னுகிறவர். அவர் சூடான ஊசியால் மூடிக்கு இரண்டு துளை போட்டு, கம்பியை உள்ளே விட்டு வெளியே எடுத்து, வலையின் பின்புறம் இரண்டு முறுக்கு முறுக்கிக் காட்டினார். செம்பின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதால் உப்புக் காற்றிலும் துரு ஏறாது. அன்று முதல் ஒரு மூடிகூட விழவில்லை.

கண்கள் மட்டும் கண்ணாடிக் குப்பிகள். 2017 அக்டோபர் 10 புயலில் டர்பன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து விழுந்த கொள்கலன்களிலிருந்து 49 டன் அளவுக்குச் சிதறிய பிளாஸ்டிக் குருணையில், எங்கள் பெண்கள் அப்போது மணலிலிருந்து சலித்து எடுத்து வைத்திருந்த இரண்டு கை அளவு அவற்றுக்குள் இருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் நொய்யரிசி போலவே தெரியும். குழந்தைகள் கிட்டே போய் அரிசியா என்று கேட்கிறார்கள். அங்கிருந்துதான் எங்கள் பேச்சு தொடங்குகிறது.

முட்டையிடும் பருவத்துக்கு முன்பே, அக்டோபரில், ஆமையை நிறுத்திவிட்டோம். தூண்டில் போடும் ஒரு பெரியவர் வாரந்தோறும் ஒரு பை நிறைய மூடிகளைக் கொண்டுவந்து அதன் காலடியில் வைத்துவிட்டுப் போகிறார். அனுமதி ஆறு மாதங்களுக்கு மட்டுமே. ஏப்ரலில் புதுப்பிக்க மறுபடியும் சான்று நகல்கள் வேண்டும். இந்த முறை மார்ச்சுக்கு முன் யாரும் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.