மொண்டேநுவோவின் பாட்டி

எங்கள் உதவி ஆசிரியர் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை எடுக்கச் சொன்னது சரிதான் என்று இன்றும் வாதிடுவேன். எதிரே யாரும் இல்லாதபோதும் வாதிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் தொந்தரவு.

கட்டுரை இளவரசர் ஆல்ஃபிரட் மொண்டேநுவோவைப் பற்றியது. 1909 முதல் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் அரண்மனைத் தலைமை அதிகாரி. யார் யாருக்குப் பின்னால் நடப்பது, யாருக்கு எந்த இருக்கை என்பதையெல்லாம் தீர்மானித்தவர். வியன்னாவின் அரசவை ஓபராகூட அவருடைய அலுவலகத்தின் கீழ்தான் இருந்தது. பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டின் மனைவி சோஃபி பிரபு குடும்பத்துப் பெண்தான். ஆனால் அரச குலம் இல்லை. 1900இல் மணம் முடிப்பதற்கு முன்பே, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்று இளவரசர் சத்தியம் செய்துகொடுத்தார். அரண்மனை விழாக்களில் சோஃபிக்கு அரச குலத்துப் பெண்கள் எல்லோருக்கும் பிறகுதான் இடம். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் இருவரும் சுடப்பட்ட பின்னும் அந்த வரிசை மாறவில்லை. வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனைத் தேவாலயத்தில் அவருடைய சவப்பெட்டி கணவருடையதைவிடத் தாழ்வாக வைக்கப்பட்டது. மக்கள் அஞ்சலிக்குக் கிடைத்தது ஒரு காலைப்பொழுது. இரவில் உடல்களை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, அழைப்பே இல்லாத பிரபுக்கள் தாமாக வந்து பின்னால் நடந்தார்கள்.

இவ்வளவையும் எங்கள் உதவி ஆசிரியர் அழகாக எழுதியிருந்தார். பிறகு பாட்டிக்கு வந்தார்.

பாட்டி மரீ லூயிஸ், முந்தைய ஆஸ்திரியப் பேரரசர் ஒருவரின் மகள், நெப்போலியனின் இரண்டாவது மனைவி. கணவர் செயின்ட் ஹெலெனா தீவில் சிறைப்பட்டு உயிரோடு இருக்கும்போதே, அவர் ஆண்ட இத்தாலியப் பகுதியான பார்மாவில் அவருக்குத் தளபதி நைப்பெர்க்கின் மூலம் 1817இல் ஒரு மகளும் 1819இல் வில்ஹெல்ம் என்ற மகனும் பிறந்தார்கள். நெப்போலியன் 1821இல் இறந்த பிறகுதான் நைப்பெர்க்கோடு கல்யாணம். அதுவும் அந்தஸ்தில் ஒவ்வாத கல்யாணம். வில்ஹெல்மின் மகன்தான் நம் ஆல்ஃபிரட். ‘தன் குடும்பக் கதையை மறக்கடிக்கவே அவர் சோஃபியை வதைத்தார்’ என்று பத்தி முடிந்திருந்தது.

“தம்பி, இது வம்பு” என்றேன்.

“எந்தத் தகவல் தப்பு, சார்?”

“தகவல் சரிதான். அவர் மனசுக்குள் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அப்படியானால் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுகிறேன். பாட்டி இருக்கட்டுமே.”

“பாட்டி இருந்தால், அந்த வாக்கியத்தை வாசகர் தானே எழுதிக்கொள்வார்.”

இதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனமான பதில்தான். எதிராளியை வாயடைத்துவிட்டதாலேயே ஒரு பதில் நியாயமாகிவிடுமா என்பது வேறு விஷயம்.

என் பக்கமும் பலமில்லாததல்ல. இறுதிச் சடங்கு முடிந்த சில நாள்களிலேயே பேரரசர் மொண்டேநுவோவுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அது பத்திரிகையிலும் வெளியானது. தன் விருப்பப்படியே எல்லாம் நடந்தது என்று எசமானரே கையெழுத்துப் போட்டுச் சொன்ன பிறகு, ஊழியரின் பிறப்பில் போய்க் காரணம் தேடுவானேன்? ஆண்டுக்கணக்கில் மேலிடத்தின் முகக்குறிப்பைப் பார்த்து வேலை செய்தவன் நான். அந்த ஊழியர்மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. ஆனால் இதே அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறது: மேலிடத்தின் மனம் அறிந்து செய்கிறவர்கள், அதற்குமேல் ஒரு பிடி தங்கள் கையாலும் போடுவார்கள். அந்த ஒரு பிடி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது வம்பா?

இன்னொன்றும் உறுத்துகிறது. அச்சான கட்டுரையில் மொண்டேநுவோவின் குடும்பத்துக்கும் இடம் இருக்கிறது: கின்ஸ்கி குடும்பத்து பிரான்சிஸ்காவை 1879இல் மணந்தது, நான்கு பிள்ளைகள். அதை நான் தொடவில்லை. சோஃபியின் பிறப்பையும் தொடவில்லை. அவருடைய குடும்பத்தின் தரம் என்ன, மணத்துக்கு முன் இளவரசி இசபெல்லாவிடம் தோழியாக வேலை பார்த்தது என எல்லாம் விலாவாரியாக இருக்கின்றன. அவை இல்லாமல் கதை புரியாது என்பது என் சமாதானம். பாட்டி இல்லாமல் மட்டும் எப்படிப் புரியும் என்று அந்தத் தம்பி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், இடமில்லை என்று சொல்லியிருப்பேன். இடமிருந்தது.

ஆனாலும், ஒருவர் செய்ததை அவருடைய பாட்டியை வைத்து விளக்குகிற பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சோஃபிக்கு அந்த அரண்மனை செய்ததும் ஏறக்குறைய அதுதானே.

அந்தத் தம்பி இப்போது வேறொரு பிரிவுக்குப் பொறுப்பாளர். பிறர் கட்டுரைகளில் குடும்பக் கதை எட்டிப் பார்த்தால் என்னைவிடக் கறாராக வெட்டுகிறாராம். அவரிடம் வேலை செய்கிற பெண் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்: “காரணம் கேட்டால் ‘வம்பு’ என்கிறார், சார். அதற்குமேல் பேசவே விடுவதில்லை.” அவர் செய்வது சரிதான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்தேன்.